ஏழாம் நம்பருக்குக் கிடைத்த ஓட்டுகள்

இல்லாத ஒருவனுக்காக நான் மாதக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். அவனுக்கு உடம்பு கிடையாது, ஊர் கிடையாது. ஒரு கணினி மென்பொருளுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தான். பாஸ்கெட்பால் ஆடுவான். ஏழாம் நம்பர். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். சீரியல் மருமகளுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் நிறைந்த ஊரில் நான் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

என் வீட்டுக்காரரும் அவரோடு கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவர்களும் சேர்ந்து ஆரம்பித்த லீக் அது. ஆளுக்கு ஓர் அணி. யாரும் பந்தைத் தொட வேண்டியதில்லை. யாரை இறக்குவது, யார் யாரைத் தடுப்பது, யாருக்கு ஓய்வு என்று முடிவு செய்து அனுப்பினால் போதும், சாயங்காலம் மென்பொருளே ஆட்டத்தை ஆடி முடித்து முடிவைச் சொல்லிவிடும். நமக்கு இரண்டு மூன்று மாதம் போனால் அங்கே ஒரு வருஷம் போயிருக்கும். ஆட்டக்காரர்கள் பொடியன்களாக வருவார்கள், உச்சத்துக்குப் போவார்கள், முட்டி தேய்ந்து ஓய்வு பெறுவார்கள். அப்படி ஓய்வு பெற்றவர்களில் சிறந்தவர்களை வாட்ஸ்அப் குழுவில் விவாதித்து, ஓட்டுப் போட்டு, ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ப்பது வழக்கம். எங்கள் ஆட்கள் அதை ‘மண்டபம்’ என்பார்கள்.

வீட்டுக்காரருக்கு ஒரே சீசனில் அலுத்துவிட்டது. பம்ப் செட் டீலராக இருப்பவருக்கு நாள் முழுக்க போனில் பேசவே நேரம் சரியாக இருக்கும். “நீ பாத்துக்கறயா அம்மணி?” என்று அணியை என்னிடம் கொடுத்தார். ஊருக்குப் போகிறவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போவாரே, அந்த மாதிரி. அன்றைக்கே குழுவில் வரும் செய்திகள் தன் போனில் சத்தம் போடாதபடி அடக்கியும் வைத்துவிட்டார். மற்றவர்களும் என்னை அவருடைய நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தவளாகத்தான் பார்த்தார்கள். எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’.

அணியைப் புதிதாக எடுப்பவர் ஓர் ஆட்டக்காரனைத் தானே உருவாக்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருந்தது. திறமைக்கு ஓர் அளவு கொடுப்பார்கள். அதை எப்படிப் பங்கு போட்டாலும் சரி. எனக்கு முன்னால் வந்த எல்லோரும் வாட்டசாட்டமாக, எங்கே நின்று எறிந்தாலும் பந்து கூடைக்குள் விழுகிற மாதிரி ஆட்களைச் செய்து வைத்திருந்தார்கள். நான் குள்ளமாக ஒருவனைச் செய்தேன். எறியத் தெரியாது. எதிரணியில் யார் நன்றாக எறிகிறானோ அவனை ஆட்டம் முடிகிற வரை நகர விடமாட்டான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த வேலை.

அது நான்தான். கல்லூரி அணியில் நான் ஆடியது அப்படித்தான், அதே நம்பர் போட்டுக்கொண்டு. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரியை என்னிடம் ஒப்படைப்பார்கள். அட்டை மாதிரி ஒட்டிக்கொள்வேன். அவளுக்கு அழுகையே வந்துவிடும். பரிசளிப்பில் நிறையப் பாயிண்ட் எடுத்தவளுக்குக் கோப்பை உண்டு. எடுக்க விடாமல் செய்தவளுக்கு எந்த ஊரிலும் எதுவும் கிடையாது. மேடையில் கூப்பிடும்போது ‘மற்றும் அணியினர்’ என்பார்கள். அந்த ‘மற்றும்’ எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இல்லாத லீக்கிலாவது, தடுத்து ஆடியதும் ஆட்டம்தான் என்று ஆட்டம் தெரிந்த நாலு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஆட்டத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஏழாம் நம்பர் என் அணிக்குக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றான். மண்டபத்துக்கு அவன் பெயரை முன்மொழிந்தேன். அன்றைக்கே ஆரம்பித்தது.

லீக்கின் தலைவர் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர்தான் முதலில் எழுதினார். “சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. பாயிண்ட்டே இல்லீங்களே. நாளைக்குப் புதுசா வர்றவங்க நம்ம மண்டபத்தைப் பத்தி என்னங்க நெனைப்பாங்க?” அதற்குக் கீழே இன்னொருவர், “வேணும்னா மண்டபத்துக்கு வாட்ச்மேனா போட்டுக்கலாமுங்க” என்றார். அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். இந்த ஊரில் அவமானப்படுத்தினாலும் ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் அவமானப்படுத்துவார்கள். எனக்கு அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அப்படிக் கோபம்.

பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மண்டபத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்கள் ஏழாம் நம்பருக்கு எதிரில் நின்ற அன்றைக்கு என்ன ஆனார்கள் என்று எடுத்துப் போட்டேன். பாதிப் பேர் அன்றைக்குப் பந்தைக் கையில் வாங்கவே திணறியிருந்தார்கள். பத்தி பத்தியாக எழுதினேன். சமைத்துக்கொண்டே மனதுக்குள் வாக்கியம் கட்டுவேன். காய்கறிக் கடையில் நின்று டைப் செய்திருக்கிறேன்.

ஒழுங்காகப் பதில் சொன்னவர் ஒரே ஒருவர்தான். ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர். கல்லூரியில்கூட அதிகம் பேசாதவராம். “உங்க ஏழாம் நம்பருக்குப் பின்னாடி எப்பவும் ஒரு நெட்டையன் நின்னானுங்க” என்று எழுதினார். “இவனைத் தாண்டி வந்தாலும் அவன்கிட்ட மாட்டிக்குவோம்னு எதிராளி முன்னாடியே தயங்கிருப்பான். அப்ப பெருமையில பாதி அந்த நெட்டையனுக்குப் போகணுமுங்களே?” நெட்டையன் காயம்பட்டு வெளியே இருந்த சீசனைக் காட்டினேன். “அந்த சீசன் நீங்க ஃபைனலுக்கே வரலீங்களே” என்றார். அது நெட்டையன் எடுக்கிற பாயிண்ட் இல்லாமல் போன குறைதானே தவிர, தடுப்பில் ஒரு குறையும் இல்லை என்றேன். ஒரு நாள் விட்டு, அந்த சீசன் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, இன்னொரு கேள்வி கேட்டார். மனுஷன் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. போனை எடுத்தால் முதலில் அவர் எழுதியிருக்கிறாரா என்றுதான் தேடினேன்.

அப்புறம் திடீரென்று ஒரு காலையில் காற்று மாறியது. சோமனூர்க்காரர், “சிஸ்டர் சொல்றதுலயும் நியாயம் இருக்குதுங்க” என்றார். வாட்ச்மேன் என்று சொன்னவர், “யோசிச்சுப் பாத்தேனுங்க, டிஃபென்ஸ் நெம்ப முக்கியந்தான்” என்றார். ஆளாளுக்குக் கைகூப்பினார்கள். ஓட்டெடுப்பு நடந்தது. ஒரே ஒரு எதிர் ஓட்டு. மற்றதெல்லாம் எனக்கு. எதிர் ஓட்டு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது. நான் எழுதிய எழுத்துதான் அவர்களை மாற்றியது என்று நம்பினேன். வீட்டில் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, “சும்மாதானுங்க” என்றேன். அவர்களுக்கு எங்கிருந்து விளக்குவது?

கொஞ்ச நாளில் சோமனூர்க்காரர் புது வீட்டுக்குக் குடி போனார். குடும்பத்தோடு போயிருந்தோம். பந்தியில் எனக்கு இலை போட்டு, பக்கத்திலேயே நின்று கவனித்தார் அவர் மனைவி. நல்ல மனசுக்காரி. குனிந்து சந்தோஷமாகச் சொன்னார்.

“நீங்க குடுத்து வெச்சவங்கக்கா. உங்கூட்டு அண்ணன் எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொன்னாருங்களாமா. ‘ஊட்ல அதே நெனப்பா சுத்திட்டு இருக்குது, சாப்புடறது கூட இல்ல, அந்தப் பையனைச் சேத்தி உட்ருங்கப்பா’ன்னு. எங்கூட்டுக்காரரு, இதுக்கா இத்தன தயக்கம்னு உடனே ஓட்டைப் போட்டு உட்டுட்டாரு. நாங்கெல்லாம் ஒண்ணு கேட்டா நடக்குமாக்கா?”

இலையில் இருந்ததைச் சாப்பிட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டேன். பாயசமும் குடித்தேன். எழுந்து போகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

ஒரு வார்த்தை சொல்லி வைப்பது. எங்கள் பக்கம் காலேஜ் சீட்டுக்கும் சொல்லி வைப்பார்கள், மில் வேலைக்கும் சொல்லி வைப்பார்கள், கல்யாண மண்டபம் கிடைக்கவில்லையென்றாலும் சொல்லி வைப்பார்கள். யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. பாசம் என்றுதான் நினைப்பார்கள். கேட்டவரும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டார். அப்படித்தான் ஏழாம் நம்பரும் மண்டபத்துக்குள் போயிருக்கிறான், சாப்பிடாத மனைவியைச் சமாதானப்படுத்த.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மறைக்கிற விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை. “ஆமா, சொன்னேன். அதுக்கென்ன இப்ப?” என்றார்.

எங்கப்பாவும் இப்படித்தான் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார் என்றேன். கடைசி வருஷம் பல்கலைக்கழக அணிக்கான தேர்வில் நன்றாக ஆடியும் என் பெயர் வரவில்லை. நான் போதாதவள் என்று நினைத்து அழுது தீர்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பரிசோடு வந்த கல்லூரி பி.டி. மேடம்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். ‘பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறமுங்க, வெயில்ல கறுத்துப் போயிரும், விட்ருங்க’ என்று அப்பா கேட்டுக்கொண்டாராம். மேடமும் சரியென்று விட்டுவிட்டாராம். மணவறையில் மாலையோடு நின்றுகொண்டு அதைக் கேட்டேன். வீட்டுக்காரரிடம் இதை நான் அதுவரை சொன்னதில்லை.

“அது வேற, இது வேற. அவரு உன் பேரை நீக்கச் சொன்னாரு. நான் சேக்கச் சொன்னேன்” என்றார்.

“ரெண்டு தடவையும் என் ஆட்டத்தை யாரும் பாக்கலீங்க.”

அவர் ஏ.சி.யைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் காலையில் ஆனைமலைக்காரருக்கு போன் செய்தேன். அதற்கு முன்னால் அவரிடம் போனில் பேசியதே இல்லை. “உங்களுக்கும் எங்கூட்டுக்காரரு போன் பண்ணுனாருங்களா?” என்று கேட்டேன்.

“பண்ணுனாருங்க.”

“அப்புறமும் வேண்டாம்னு போட்டீங்களே?”

“அவரு உங்க மனசு நோகுமேன்னு கேட்டாருங்க. நீங்க அப்படிக் கேக்கலீங்களே. ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னுதானே எழுதுனீங்க. பாத்தேன். எனக்குப் பத்தலீங்க.” பிறகு அவசரமாக, “தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார்.

“இப்ப மறுபடி ஓட்டுப் போட்டாலும் அதேதானுங்களா?”

“அதேதானுங்க. அந்த நெட்டையன் விஷயத்துக்கு நீங்க இன்னும் சரியா பதில் சொல்லலீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. அதே நேரம், வந்து குவிந்த அத்தனை ஓட்டிலும் கிடைக்காத ஏதோ ஒன்று அவருடைய அந்த ‘இல்லை’யில் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழுவில் எழுதினேன். ‘ஏழாம் நம்பரை மண்டபத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவரவர் ஆட்டத்தைப் பார்த்து, மறுபடியும் ஓட்டுப் போடுங்கள். தோற்றாலும் பரவாயில்லை.’ ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. “சிஸ்டர் கோவிச்சுக்காதீங்க.” “நெஜமாவே தகுதியான ஆளுதானுங்க.” “உள்ள வந்தவனை யாராச்சும் வெளிய அனுப்புவாங்களாங்க?” கைகூப்பு, கைகூப்பு, ரோஜாப்பூ. வாட்ச்மேன் என்று கிண்டல் செய்தபோதுகூட நான் அவர்களுக்கு எதிரே நின்று ஆடுகிறவளாக இருந்தேன். இப்போது குழந்தையாகிவிட்டேன். விதிப்படி, தலைவர் சம்மதிக்காமல் பெயரை எடுக்க முடியாது. சோமனூர்க்காரர் சம்மதிக்கவில்லை, மரியாதையாக. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். அதற்குள் அவருக்கு போன் போயிருந்தது. முகம் வாடியிருந்தது. சாப்பாட்டில் கை வைக்காமலே சொன்னார்: “எல்லாத்துக்கும் முன்னால என்னைய அசிங்கப்படுத்திப்போட்டே. உனக்காகத்தானே கண்ணு கேட்டேன்? இன்னொருத்தருகிட்ட நான் எதுக்காச்சும் கேட்டுப் பாத்திருக்கியா?”

அது உண்மைதான். அவர் யாரிடமும் தனக்காகக் கேட்டதில்லை. எனக்காகக் கேட்டிருக்கிறார். கோபத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது. சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“போகட்டும், விடுங்க. அவங்களை விடுங்க. நீங்க சொல்லுங்க, ஏழாம் நம்பர் அதுக்குத் தகுதியானவன்தானுங்களா?”

“அதுதான் சேத்தியாச்சே. இன்னும் என்ன?”

“இல்லீங்க. நான் அத்தன எழுதுனேனே. அதுல எது உங்களுக்குச் சரின்னு பட்டுது?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிற குரலில் சொன்னார்.

“அவ்வளவு நீளமா எழுதுனா யாரு அம்மணி படிக்கறது?”

ஆனைமலைக்காரர் படித்திருந்தார்.