அலகு குத்திய முகத்தின் உரிமையாளர்

என் தங்கையின் முகத்தை நான் விற்றேன். அவளைக் கேட்கவில்லை. முருகனிடம் அவள் வைத்திருந்த வேண்டுதலையும் அந்த முகத்தோடு சேர்த்து விற்றேன். விஷயம் வெளியே வந்தபோது செய்தது நான் இல்லை என்று பொய் சொன்னேன். எழுபது வயதைத் தாண்டிய பிறகு செய்த வேலை இது. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

கொரோனாவுக்கு முந்தைய தைப்பூசம். கிள்ளானில் அவள் வீட்டிலிருந்து பத்துமலை முருகன் கோயிலுக்கு என் காரில்தான் அழைத்துப் போனேன். அந்த வருஷம் பால்குடத்தோடு நாக்கில் அலகும் குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அறுபதைக் கடந்தவள், சர்க்கரை வேறு.

"இந்த வயசுல எதுக்கும்மா நாக்குல வேல்? பால்குடம் பத்தாதா?" என்று கேட்டேன். பேச்சை மாற்றினாள். நான் விடவில்லை. பழைய அரசாங்க அதிகாரி, கேள்வி கேட்டுப் பழகியவன். கடைசியில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"அவன் கப்பல்ல இல்ல அண்ணே. உள்ள இருக்கான். போதை மறுவாழ்வு நிலையத்துல. திருந்தி வரணும்னு வேண்டிக்கிட்டேன். வேண்டுதல வெளிய சொன்னா நிக்காதுன்னு சொல்வாங்க. நீ கேட்டுட்டே. வாய்க்குள்ளேயே வச்சுக்க."

மகன் கப்பலில் வேலை செய்வதாகத்தான் என்னையும் சேர்த்து சொந்தக்காரர்கள் எல்லாரையும் நம்பவைத்திருந்தாள். வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆற்றங்கரையில் அவளுக்கு அருள் வந்தது. கண் பாதி செருகி, நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிய, வெளியே நீண்ட நாக்கில் சின்ன வெள்ளி வேல். சுற்றிலும் "வேல் வேல்" என்று கத்துகிறார்கள். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றபின் கேமராதான் எனக்குத் துணை. வெளிச்சம் அன்று அற்புதமாக விழுந்தது. யாரையாவது படம் எடுப்பதென்றால் ஒரு தலையசைப்பாவது கேட்போம். அருள் வந்தவளிடம் யார் கேட்பது? அவள் அங்கே இல்லை. அந்த வசதியைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

படம் பல காலம் கணினியில் தூங்கியது. நோய் அடங்கிக் கடைகள் திறந்த சமயம், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் கூட்டம் என்று நண்பர் இழுத்துப் போனார். பிளாக்செயின் பற்றிய கூட்டம். கீழேயிருந்து பாகற்காய் பொரிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார்.

"அங்கிள், நீங்க எடுத்த படம் வாட்ஸ்அப்புல ஊர் சுத்துது. யார் எடுத்ததுன்னு யாருக்காச்சும் தெரியுமா? இதுல பதிஞ்சா அது உங்க சொத்து. நிலத்துக்கு கிராண்டு இருக்கிற மாதிரி. எந்த ஆபீசரும் கை வைக்க முடியாது."

நான் காலமெல்லாம் நில அலுவலகத்தில் இருந்தவன். நிலப் பட்டாவைத்தான் இங்கே கிராண்டு என்போம்; அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. "ஆபீசர் இல்லன்னா அப்புறம் யார் கையெழுத்துப் போடறது?" என்று கேட்டேன்.

"யாருமே போட வேண்டாம் அங்கிள். அதுதான்லா இதோட பியூட்டி!"

அவர் விளக்கியதில் பொய் இல்லை. ஒரே பதிவேடு உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் முந்தையதோடு பின்னப்பட்டிருப்பதால், நடுவில் ஒன்றைத் திருத்தினால் மற்ற கணினிகள் அதை ஏற்காது. படத்துக்கு டோக்கன் என்ற மின் உரிமைச்சீட்டு ஒன்றை உண்டாக்கினால், அதை உண்டாக்கியவர் யார், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதெல்லாம் அங்கே நிற்கும். இரகசியச் சாவி எவர் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். படத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். டோக்கன் ஒருவருக்குத்தான். நில அலுவலகத்தில் காணாமல்போன கோப்புகளையும் கள்ளக் கைநாட்டுகளையும் பார்த்துச் சலித்தவனுக்கு இது சொர்க்கமாகத் தெரிந்தது.

நான் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் தங்கையின் படத்தில் நின்றார். "இதுதான் அங்கிள். ஆனா படம் மட்டும் போட்டா விக்காது. ஸ்டோரி வேணும்."

கதை என்னிடம் இருந்தது. நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். கிள்ளானில் ஒரு தாய். மறுவாழ்வு நிலையத்தில் ஒரு மகன். கப்பல் என்று ஊருக்குச் சொன்ன பொய். அவள் நாக்கைத் துளைத்த வேல். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். சில நாட்களில் முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் வாங்கிவிட்டார்.

அதற்குள் தங்கை மகன் திருந்தி வந்திருந்தான். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பழைய ஆட்களோடு பேச்சே இல்லை. கப்பல் வேலையை விட்டுவிட்டதாக எல்லாரிடமும் சொல்லியிருந்தான். ஒருநாள் அந்தப் படமும் கதையும் கிடங்கு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தன. அவன் அம்மா அங்கே பலருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள். முகம் தெரியாமல் இருக்குமா?

"என்ன கேப்டன், கப்பல் இன்னிக்கு எந்தத் துறைமுகம்?"

"டேய், கேப்டனுக்கு டீய நீயே வாங்கிக் குடு. பர்ஸ வெளிய வைக்காத."

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. தங்கை எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். அழுகையில் வார்த்தை புரியவில்லை. புரிந்ததும் நான் சொன்னது இதுதான்: "எவனோ திருட்டுப் பய உன்னைப் படம் எடுத்திருக்கான்மா. நான் விசாரிக்கிறேன்."

அவள் என்னை நம்பினாள். காரில் சொன்னதை அவளே மறந்துவிட்டாள் போல. இல்லை, அண்ணன் செய்திருப்பான் என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மகன் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கைப்பேசியை நீட்டினான்.

"மாமா, இதுல முதல் ஆள் யாருன்னு காட்டுது. இது உங்க அக்கவுண்டு தானே?"

"என்னடா உளறல் இது?"

"தீபாவளிக்கு எல்லாருக்கும் காட்டுனீங்களே, மயில் படத்துக்கு டோக்கன் போட்டேன்னு. அதே அக்கவுண்டு. அழிக்க முடியாதுன்னு நீங்க தானே பெருமையா சொன்னீங்க?"

உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"நான் உள்ள போனது என் தப்பு மாமா. அத நான் சொல்லிக்குவேன், சொல்லாம இருப்பேன், அது என் இஷ்டம். அம்மா சாமிகிட்ட சொன்னத விக்க நீங்க யாரு?"

அவன் போன பிறகு எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, கோபம். யாராவது ஒருவர் என்னைத் தடுத்திருக்கக் கூடாதா என்ற கோபம். அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை, ஆனால் அதில் என் பங்கை இப்போது கழித்துப் பார்ப்பதில்லை. இத்தனை ஆயிரம் கணினிகள் ஒவ்வொரு பதிவையும் சரிபார்க்கின்றன. சாவி சரியா, முந்தைய பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்கின்றன. இந்த முகம் யாருடையது என்று ஒன்றும் கேட்பதில்லை. திருடன் முதலில் வந்து பதிந்தால் அவன்தான் படைப்பாளி. அதற்கு உலகமே காவல் நிற்கும். எங்கள் நில அலுவலகத்தை நான் புகழ மாட்டேன். லஞ்சம் இருந்தது, இழுத்தடிப்பு இருந்தது. ஆனால் கைநாட்டைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு பெண் கவுண்டரில் நின்று கத்தினால் யாராவது எழுந்து வரவேண்டியிருந்தது. நிலத்தை மாற்றாதே என்று தடை போட முடிந்தது. நீதிமன்றம் கிராண்டை ரத்து செய்ய முடிந்தது. இங்கே யாரிடம் போய்க் கத்துவது? ஆபீசர் இல்லை என்பதை அந்த மாடியில் கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருவன்.

படம் விற்ற தளத்துக்கு எழுதினேன். பக்கத்தை மறைக்கிறோம், பதிவை அழிக்க எங்களாலும் முடியாது என்றார்கள். வாங்கியவருக்கு எழுதினேன். "அந்தக் கதைக்காகத்தான் வாங்கினேன், இப்போது அது என்னுடையது" என்றார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். மறுபடி மறுபடி கெஞ்சிய பிறகு, கூடுதல் விலைக்குத் திருப்பித் தரச் சம்மதித்தார். கேமராவையும் லென்சுகளையும் விற்றேன். டோக்கன் கைக்கு வந்ததும் சாவியே இல்லாத ஒரு முகவரிக்கு அனுப்பினேன். எரிப்பது என்று இதைச் சொல்கிறார்கள். இனி அதற்கு உரிமையாளர் கிடையாது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எடுத்ததும் எழுதியதும் விற்றதும் நான்தான் என்று எழுதினேன். அன்று முழுதும் அந்தக் குழுவில் யாரும் காலை வணக்கப் படம்கூடப் போடவில்லை. பிறகு கிள்ளானுக்குப் போனேன். தங்கை சமையலறையில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். எரித்துவிட்டேன் என்று கைப்பேசியைக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது என்ன வரி?"

"நான் பதிஞ்சது."

"இது?"

"வித்தது. அதுக்குக் கீழ திரும்ப வாங்குனது. கடைசியில எரிச்சது."

"அப்போ எதுவும் போகல."

"டோக்கன் போயிடுச்சும்மா."

"படம்?"

வாட்ஸ்அப்பில் போனவை, வேறு தளங்கள் நகல் எடுத்தவை இருக்கின்றன என்றேன். பொட்டலத்துக்கு ரப்பர் போட்டாள். "சாப்டியா அண்ணே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதற்குப் பிறகு வந்த தைப்பூசங்களுக்கு அவள் என் காரில் ஏறவில்லை. கொமுட்டர் ரயிலில் மற்ற பெண்களோடு போகிறாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

மகன் போர்ட் கிள்ளானை விட்டு செமினிக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பட்டறையில் வேலை. அவ்வப்போது எனக்கு அவனிடமிருந்து செய்தி வரும். வணக்கம் இருக்காது, மாமா என்ற சொல் இருக்காது. படத்தின் நகல் கிடக்கும் ஏதோ ஒரு பக்கத்தின் இணைப்பு மட்டும் இருக்கும். நான் அந்தத் தளத்துக்கு எழுதுவேன். சிலர் எடுத்துவிடுகிறார்கள். பலர் பதிலே போடுவதில்லை. திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

போன மாதம் வந்த இணைப்பைத் திறந்தால் வேறொரு பெண். தீச்சட்டி ஏந்தியிருக்கிறாள், கண் செருகியிருக்கிறது, கீழே ஆங்கிலத்தில் ஒரு கதை. இணைப்புக்குக் கீழே அவன் முதல்முறையாக ஒரு வரி எழுதியிருந்தான்: "இந்த அம்மாவுக்காகவும் எழுதுங்க."

விற்பனைக்கு வைத்தவருக்கு எழுதினேன். அந்தப் பெண்ணைக் கேட்டாரா என்று கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. உரிமையாளர் நான், பதிவைப் பார்த்துக்கொள், இதைக் கேட்க நீ யார் என்று.

நான் யார் என்று விவரமாகவே எழுதி அனுப்பினேன்.