சட்டைக்குள் வீச்சுவலை

கணவர் போன பிறகு நான் துணிக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போனால் கடைக்காரரும் பக்கத்தில் நிற்பவர்களும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு விசாரிப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அழுகைகூட இருக்கவில்லை. செத்தவீட்டிலேயே நான் அழவில்லை. "கல்லு மாதிரி இருக்கிறாள் பார்" என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. உண்மைதான். பசித்தது, சாப்பிட்டேன். பிரேதம் போனபின் வீட்டைக் கழுவினேன்.

குருநகரில் கலியாண உடுப்புத் தைப்பது என் தொழில். கடைக்குப் போகாமல் தைப்பதென்றால் வீட்டில் மிஞ்சிக் கிடந்ததை வைத்துத்தான் தைக்க வேண்டும். சாட்டின் வெட்டுத்துண்டுகள், அறுந்த மணிமாலைகள், யாரோ அளவு பிழைத்து விட்டுப்போன லேஸ். சேலைக் கரையைக் கணவருடைய பழைய மீன்வலைத் துண்டோடு சேர்த்துச் சந்தைப் பை தைத்தேன். காற்சட்டைத் துணியில் மணி வைத்துத் தலையணை உறை தைத்தேன். சனம் புதுமாதிரி என்று வாங்கிப் போனது. புதுமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடைக்குப் போகப் பஞ்சி, வெறும் சோம்பல்.

அப்போதுதான் அவருடைய தங்கை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்; வெள்ளைச் சட்டை வேண்டும்.

"வருசம் திரும்பாத வீட்டிலை கேக்கக் கூடாதுதான் மச்சாள். ஆனா அண்ணைதான் சட்டை தன்ரை பொறுப்பெண்டு பிள்ளைக்குச் சொன்னவர்," என்றாள். சொல்லி முடிக்குமுன்பே அழத் தொடங்கிவிட்டாள். நான் அளவு நாடாவை எடுத்தேன். அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒருதரமாவது அப்படி அழ வேண்டும் என்று எனக்கும் ஆசை. அழாமலே வருசம் திரும்பிவிட்டால், அந்த மனிசனோடு இவ்வளவு காலம் நான் வாழ்ந்ததில் என்ன அர்த்தம்?

சாட்டின் துண்டுகளை இணைத்ததில் வெள்ளைச் சட்டை வந்துவிட்டது. பாவாடைதான் நனைந்த கோழி மாதிரித் தொய்ந்து கிடந்தது. உள்ளே விறைப்பாக ஏதாவது கொடுக்க வேண்டும். மூலையில் அவருடைய வீச்சுவலை தொங்கியது. மேலே குறுகி, கீழே விரிந்து, விளிம்பு முழுக்க ஈயக்குண்டு கோர்த்த நைலோன் வலை. கிட்டத்தட்ட அதுவே ஒரு பாவாடைதான். எங்கள் கோயில் கடற்கரையில் இருக்கிறது. ஈயம் கிடந்தால் காற்றுக்கும் சட்டை அடங்கி நிற்கும்.

அந்த வலையை மூலையில் கொழுவியதுகூட நான்தான். அவருக்கு அதைத் தூக்கத் தெரியாது. விடியக் கடலால் வந்தால், வாசலிலிருந்து பின்பக்கக் கிணற்றடி வரைக்கும் வீட்டுக்குள்ளால் கரகரவென்று இழுத்துக்கொண்டு போவார். நான் மெசினிலிருந்து திரும்பாமலே ஏசுவேன். "ஓம், ஓம்" என்பார். இழுத்துக்கொண்டுதான் போவார். சிமெந்து நிலத்தில் அந்தக் கீறல்கள் இப்போதும் இருக்கின்றன.

மீன் மணம் போக, வலையைச் சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் போட்டு அலசினேன். கத்தரிக்கோலை வைக்கும்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாரம் கூடாமல் ஈயத்தில் பாதிக்கு மேல் கழற்றி, மிச்சத்தை விளிம்பிலேயே விட்டு, பாவாடைக்குள் அதே நீளத்துக்கு வைத்துச் சுருக்கம் பிடித்துத் தைத்தேன். சட்டை குடைபோல நின்றது. பிள்ளை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

பிள்ளைக்குக் குதி உயர்ந்த சப்பாத்தைப் போட்டுத்தான் பாவாடை நீளத்தை அளவெடுத்தேன். முதல் நன்மையன்று காலை அந்தச் சப்பாத்து கடித்ததாம். தாய் தட்டைச் செருப்பைப் போட்டுக் கூட்டி வந்துவிட்டாள். எனக்கு அது தெரியாது. நான் கறுப்புச் சேலையோடு கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுத் தொடங்கியது. பிள்ளைகள் வரிசையாகப் பின்வாசலால் உள்ளே வந்தார்கள்.

எனக்குப் பின்னால் சிமெந்து நிலத்தில் ஈயம் இழுபடும் சத்தம் கேட்டது.

"எத்தினை தரம் சொல்லுறது, இழுக்காதேங்கோ எண்டு! தூக்கிக்கொண்டு போங்கோவன்!"

திரும்பாமலே கத்திவிட்டேன். பாட்டு நின்றது. முன் வாங்கிலிருந்து பிள்ளையின் தாய் திரும்பிப் பார்த்தாள். நான் "ஓம், ஓம்" வரும் என்று காத்திருந்தேன்.

பிள்ளை பயந்துபோய், சொன்ன சொல் கேட்டு, இரண்டு கையாலும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். சத்தம் நின்றுவிட்டது. அவர் செத்துப்போனார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்கு முன்னாலிருந்த வாங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இழுத்துக்கொண்டே போ பிள்ளை என்று சொல்லத்தான் பார்த்தேன். அதற்குள் பிள்ளை முன் வரிசைக்குப் போய்விட்டாள்.