யாரையும் இடிக்காத டிரைவர்

பஸ் ஓட்டுகிறவருக்கு வரவே கூடாத நினைப்பு ஒன்று அவருக்கு வந்து தொலைத்தது: ‘யாரையோ இடிச்சுட்டே.’ வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கினால் போதும், நெஞ்சு பதறும். வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் வந்த வழியே நடந்து போய்த் தரையைப் பார்ப்பார். இத்தனைக்கும் இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அவர் இடித்ததில்லை. ‘நினைக்காதீங்க மாமா, அவ்வளவுதான்’ என்று மைத்துனர் உபதேசம் வேறு. நினைப்பு என்ன குழாயா, திருகி மூட? சொல்கிறவனுக்கு வாயா வலிக்கப்போகிறது!

முதலில் பார்த்த மனநல ஆலோசகர், நினைப்பை அப்படியே நம்பாமல் அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கச் சொன்னார். மனைவிக்கு அந்த வழி பலித்திருந்தது. எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற நினைப்பை அவள் அப்படிக் கேட்டுக் கேட்டே விரட்டியிருந்தாள். இவரோ ஆதாரம் தேடிப் பஸ்ஸையே திருப்பிவிட்டார், உள்ளே அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு! இன்னொரு தடவை திருப்பினால் ஸ்டியரிங்கைத் தொடவே முடியாது என்று டிப்போ மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது ஆலோசகர் சொன்னது நேர் எதிர். வாதாடவும் வேண்டாம், ஆதாரமும் வேண்டாம்; அது பாட்டுக்குச் சொல்லட்டும், நீங்கள் பாட்டுக்கு ஓட்டுங்கள் என்றார். ஒவ்வொரு வேகத்தடையிலும் இவர் ‘பார்த்தியா?’ என்று கேட்பதும், கண்டக்டர் ‘ஒண்ணுமில்லண்ணே’ என்பதும் வழக்கம். அந்த ‘ஒண்ணுமில்ல’தான் நினைப்புக்குத் தீனியாம். இனி கேட்கவே கூடாதாம்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவரு கேளுங்கறாரு, நீங்க கேக்காதீங்கறீங்க. நடுவுல போகப்போறது என் வேலை. இந்த நினைப்பு போகுமா, போகாதா?”

“வந்தா வரட்டும் சார். பஸ் திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.”

இதைச் சொல்ல ஒரு படிப்பா என்று வீடு வரை பொருமிக்கொண்டே போனார்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்து வேகத்தடையில் சக்கரம் ஏறி இறங்கியது. ‘இடிச்சுட்டே’ என்றது உள்ளே. கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. சொன்னா சொல்லித் தொலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

பின்னாலிருந்து, பழக்கதோஷத்தில், கண்டக்டர் குரல் கொடுத்தார். “ஒண்ணுமில்லண்ணே.”

“நான் கேட்டேனா?”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கத் திரும்பினார். பஸ் நேராகப் போய்க்கொண்டிருந்தது.