மாமா சொன்ன மழை

எங்கள் மாமா முதன்முதலாக டிவியில் வந்த அன்று, மரக்காணத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லாத ஒரு சாயங்காலத்தில், முப்பது பேர் விழுந்தடித்து ஓடி உப்பை மூடினார்கள். அதற்குக் காரணம் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. ரிமோட் என் கையில் இருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. புதுச்சேரியில் வானொலி அறிவிப்பாளராக இருந்தவர். காலையில் நேயர் விருப்பப் பாட்டு போடுவார், நடுநடுவே வானிலை சொல்வார். எங்கள் பக்கத்தில் அவர் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது, குரல் தெரியாதவர் கிடையாது. பாத்தியிலிருந்து வாரிக் குவித்து வைத்திருக்கும் உப்பின் மேல் ஒரு நல்ல மழை அடித்தால், பத்து நாள் பாடு கரைந்து ஓடிவிடும். அதனால் மாமா "மழைக்கு வாய்ப்பு" என்று சொன்னால் போதும், உப்பளத்து ஆட்கள் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு ஓலைக்கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ரேடியோக்காரர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்டவர் 2005 தை மாதம் திடீரென்று வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், டிவியில் நடிக்கப் போகிறேன் என்றார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! அவர் உப்பளத்தில் மேஸ்திரி. மாமாவின் குரலை நம்பித்தான் அவர் பிழைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

"ஊரே கேக்கற கொரல வெச்சிக்கினு வேஷம் கட்டப் போறானாம் வேஷம்! அந்தக் கண்றாவிய நான் பாக்க மாட்டேன். அவன் இந்த ஊட்டுப் பக்கம் வரவும் வேணாம்" என்று அம்மாவிடம் கத்தினார்.

மாமா வருவது நின்றது. அவரோடு அவர் வாங்கி வரும் கிரீம் பிஸ்கட்டும் நின்றது. என்னை "நேயரே" என்று கூப்பிடுகிற ஒரே மனிதர் அவர். எனக்கு அப்பாவை அறவே பிடிக்காமல் போன காலம் அது.

ஆறு மாதம் நாயாய் அலைந்த பிறகு மாமாவுக்கு ஒரு சீரியலில் கிராம அதிகாரி வேஷம் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணி சீரியல். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் வீம்பாக எதிரிலிருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். பார்க்காவிட்டால் போகட்டும், கேட்கவாவது கேட்கட்டுமே என்று எனக்கு ஒரு யோசனை. ஜன்னல் கதவை விரியத் திறந்து, சவுண்டைக் கடைசி வரை ஏற்றி வைத்தேன்.

மாமா ஜீப்பிலிருந்து இறங்கினார். ஒட்டுமீசை வைத்திருந்தார். மைக்கைக் கையில் வாங்கினார். அவ்வளவுதான், கண்ணை மூடித் திறப்பதற்குள் கதாநாயகியின் முகத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாமாவின் குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பொதுமக்கள் கவனத்திற்கு. இன்னும் ஒரு மணி நேரத்தில் இடியுடன் கூடிய கனமழை பெய்யும். வெளியில் உள்ள பொருட்களை உடனடியாக மூடிப் பாதுகாக்கவும்."

அட, அதே வானொலிக் குரல்! ஒரு பிசிறு மாறவில்லை. பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். அதே நேரத்தில் வெளியே பெஞ்சுகள் கவிழ்கிற சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் டீக்கடையில் ஒரு ஆள்கூட இல்லை. பாதி குடித்த கிளாஸ்கள் மட்டும் இருந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல், எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் அப்பா. சீரியல் ஞாபகமே வராமல், ஏதோ பெரிய ஆபத்து, அதனால்தான் மாமாவைத் திரும்பக் கூப்பிட்டு ரேடியோவில் பேச வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அம்மாவும் நானும் மூச்சிரைக்க உப்பளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முக்கால்வாசிக் குவியலை மூடிவிட்டிருந்தார்கள். "அந்தக் கோடி வுட்டுப்போச்சு பாருங்கடா!" என்று அப்பா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அது டிவிங்க! என் தம்பி நாடகத்துல பேசுனதுங்க!" என்றாள் அம்மா.

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று சிரிக்க, முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நேராகப் போன் பூத்துக்குப் போய், மாமாவிடம் "காலையில மொத பஸ்சுக்கு வா" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வைத்தார். மாமாவை ஒரேயடியாகத் தலைமுழுகப் போகிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

காலையில் மாமா வந்தார். ஒட்டுமீசை இல்லாமல் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார். அப்பா அவரை வீட்டுக்குள்ளேயே விடாமல் நேராக உப்பளத்துக்கு அழைத்துப் போனார். நான் பின்னாலேயே போனேன். அங்கே முந்தின நாள் போட்ட கீற்றை எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"எல்லாரும் என்னை மன்னிச்சிக்கணும். நெசமாவே ஒண்ணு வந்து நான் சொன்னாகூட, இனிமே யாரு நம்புவீங்க?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

என்னால் தாங்க முடியவில்லை. "மாமா மேல தப்பில்ல! நாந்தான் சவுண்ட ஃபுல்லா வெச்சேன்!" என்று கத்திவிட்டு, அப்பாவின் அறை விழட்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அறை விழவில்லை.

பேசியது வேறொருவர். கடலோரக் குப்பத்திலிருந்து அந்த வருஷம்தான் உப்பு வேலைக்கு வர ஆரம்பித்திருந்த அக்கா. போன மார்கழியில் கடல் உள்ளே வந்தபோது அவர் புருஷன் போய்விட்டார்.

"எதுக்குப்பா கும்புடற? பொய்யாப் போனா போவுது. மூடுன கீத்த எடுக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கூடையைக் கீழே வைத்தார். "அன்னிக்கி ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்காரரு வலைய பிரிச்சிக்கினே உன் ரேடியோதான் கேட்டுக்கினு இருந்தாரு. நீ பாட்டு போட்டுக்கினு இருந்த. கடலு உனுக்கு மட்டும் சொல்லிட்டா வந்துச்சி? தெரிஞ்சிருந்தா நீ சொல்லாம இருந்திருப்பியா?"

மாமா அப்படியே வரப்பில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"இதுக்கா வேலைய வுட்ட? மொதல்லயே என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடா?" என்றார்.

எதற்கு வேலையை விட்டார் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மாமாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா இல்லை, கண்ணில் மருந்து ஊற்றவில்லை, ஆனாலும் தோள் குலுங்கக் குலுங்க என்னமாய் அழுகிறார்! அப்பாவிடமிருந்து தப்பிக்க இப்படி ஒரு நடிப்பா என்று எனக்கு ஒரே பெருமை. அந்த நடிப்பு பலித்தும்விட்டது. அப்பாவே அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். அம்மா மீன் குழம்பு வைத்தாள். என் சவுண்ட் விவகாரத்தை எல்லாரும் மறந்தே போனார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு மாமா எத்தனையோ சீரியல்களில் நடித்தார். கதாநாயகிக்கு அப்பா, நீதிபதி, கையை விரிக்கிற டாக்டர் என்று வேஷத்துக்குக் குறைவில்லை. முகமும் ஊருக்குத் தெரிந்துபோனது. ஆனால் மீன் குழம்பு சாப்பிட்ட அடுத்த மாதமே, வானொலிக்கும் போய்த் திரும்ப வேலை கேட்டிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் தருகிறோம், எந்த நாள் வேண்டும் என்றார்களாம். மாமா ஞாயிற்றுக்கிழமை காலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு ஸ்கூல் இல்லாத ஒரே நாள், அவர் எங்கள் வீட்டுக்கு வரக்கூடிய ஒரே நாள். மற்ற ஆறு நாளையும் விட்டுவிட்டுப் போயும் போயும் அதையா கேட்பார் ஒரு மனிதர் என்று, ஒரு மாதம் அவரோடு நான் பேசவே இல்லை.