சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் சொந்தக்காரர் வீடு. பாரிஸில் பெரியப்பா, லண்டனில் சித்தி, இல்லாவிட்டால் ஜெர்மனியில் யாருடையவோ கலியாணம். அவர்களுடைய வரவேற்பறைத் தரையில் மெத்தை விரித்துப் படுத்துவிட்டு, சுவிஸில் நாங்கள் இருக்கும் லோசானுக்குத் திரும்புவோம். அதனால் எனக்குப் பத்து வயதாயிருந்தபோது, இந்த முறை மெக்சிக்கோ என்று அப்பா சொன்னதும் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே எங்களுக்கு ஒருவரும் இல்லை.

அதற்கு முன்பே அப்பா மாறித்தான் இருந்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கூட வேலைசெய்த ஸ்பானியர் ஒருவரிடம் பாஷை படித்து, அதைக் குளியலறைக்குள் நின்று சொல்லிப் பார்ப்பார். நான் கதவில் காது வைத்தால் தண்ணீரைத் திறந்துவிடுவார்.

அந்தக் கடற்கரை ஊரில் எங்கள் முதல் காலை விளம்பரப் படம்போல இருந்தது. அப்பா புதுக் காற்சட்டையோடு வலை ஊஞ்சலில் கிடந்தார். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. மிளகாய்த்தூள் தூவிய மாம்பழம், இளநீர், மறுபடியும் மாம்பழம். வயிற்றுக்குத்து வரும் என்று யாரும் மிரட்டவில்லை. எனக்கு அது நல்லதாகப் படவில்லை. குடை நிழலில் சுடிதாரோடு இருந்த அம்மாவோ கடலைப் பார்க்கவேயில்லை. கரையால் போகிற ஆண்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அப்பா எழுந்தார். "ஒருக்கா நடந்திட்டு வாறன்."

"நானும் வாறன்."

"வேண்டாம், வெயில்."

காலையிலிருந்து வெயிலில்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். சிப்பி பொறுக்குகிறவள்போலக் குனிந்து குனிந்து அவருக்குப் பின்னால் போனேன்.

மீன்பிடிப் படகுகள் நின்ற கோடியில், ஓலைக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக்கடை. ஒரு தடித்த பெண் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அப்பா தன் போனில் ஏதோ படத்தை அவளிடம் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. அவர் எனக்கு முதுகு காட்டி நின்றதால் சிரிக்கிறார் என்றே நினைத்தேன்.

வகுப்பில் என் சிநேகிதியின் தாய்தகப்பன் பிரிந்த கதை எனக்குத் தெரியும். அது இப்படித்தான் தொடங்கியதாம். மூச்சு வாங்க அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அப்பா அங்கை ஒரு பொம்பிளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

அம்மா கோபப்படவில்லை. "எந்தக் கடையில?" என்று மட்டும் கேட்டார். செருப்பையும் போடாமல் கொதிக்கிற மணலில் ஓடினார். அந்தப் பெண்ணைச் சண்டைக்கு இழுப்பார் என்று நான் பார்த்திருக்க, அவளைக் கட்டிப்பிடித்தார்.

அந்தப் பெண் கையாலும் வாயாலும் சொல்லிக்கொண்டே போக, அப்பா அதைத் தமிழில் சொன்னார். இவ்வளவு உயரம். கையால் பிசைந்து சாப்பிட்டான். இன்னும் உறைப்புக் கேட்டான். ஒரு கதிரையைக் காட்டினாள். அம்மா போய் அதில் உட்கார்ந்தார். பிறகு அவள் கடலைக் காட்டினாள்.

"மற்றப் பெடியளோட படகில ஏறினவனாம்," என்றார் அப்பா. "அந்தப் படகைப் பற்றிப் பிறகு ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாதாம்."

"ஆர் ஏறினது?" என்று கேட்டேன். கனடாவுக்குப் போகிற வழியில் இங்கே வந்த அம்மாவின் தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. சின்னமாமா கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், அங்கே வேலை அதிகம், அதனால்தான் போன் எடுப்பதில்லை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். "வயிறு நிறையச் சாப்பிட்டவனோ எண்டு கேளுங்கோ."

அப்பா சொற்களைத் தேடித்தேடிக் கேட்டார். அந்தப் பெண் பலமாகத் தலையாட்டிவிட்டு, சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். அம்மா கையால் பிசைந்து, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நான் தொடவில்லை. அவளை நான் இன்னும் நம்பவில்லை.

பின்னேரம் அம்மா கடலுக்குள் இறங்கினார். சுடிதார் நனைய அலைக்குள் நின்று, தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டார். அப்பாடா, ஒருவழியாக எங்கள் விடுமுறை தொடங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். கத்திக்கொண்டே ஓடிப்போய் அவர் மேல் தண்ணீரை வாரி அடித்தேன். அம்மா விலகவில்லை.

"அடி பிள்ளை," என்றார். "இன்னும் அடி."