மன்னிப்புக் கேட்காத மனைவி

“அண்ணை, அதிலை அப்பிடி எழுதேல்லை.”

இன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.

கொக்குவிலில் எங்கள் வாசிகசாலையில் மௌனப் படமொன்று போட்டார்கள். புருசன் பெண்சாதி சண்டை பற்றிய பழைய சிரிப்புப் படம். திரையில் வரும் ஆங்கில வசனங்களை ஒரு கிழமை மினக்கெட்டுத் தமிழாக்கியது நான்.

“உமக்குக் கூச்சம் பிள்ளை, நான் வாசிக்கிறன்” என்று வாசிகசாலைத் தலைவர் அண்ணை மைக்கை எடுத்துக்கொண்டார்.

படத்தில் கறி சரியில்லை என்று கணவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறான். மனைவி கடிதம் எழுதுகிறாள்.

நான் எழுதிக் கொடுத்தது: “நான் போறன். இனி நீங்களே சமையுங்கோ.”

அண்ணை வாசித்தது: “என்னை மன்னியுங்கோ. இனி ருசியாச் சமைக்கிறன்.”

திரையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவை அறைந்து சாத்தினாள்.

முன்வரிசை அன்ரி ஒருவர் அண்ணையிடம் கேட்டார்: “மன்னிப்புக் கேட்டவள் ஏன் தம்பி பெட்டியோடை போறாள்?”

“கோயிலுக்கு, அன்ரி.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நூறு வருசத்துக்கு முன்னர் துணிந்து வெளியேறியவளை, வாய் பேச முடியாதவள் என்பதற்காக இப்படியா அடக்குவது?

படம் முடிந்ததும் அன்ரி நேரே என்னிடம் வந்தார். “உண்மையா அவள் என்ன பிள்ளை எழுதினவள்?”

அண்ணை மேசையில் விட்டுப்போன என் தாளை எடுத்து நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டு, மண்டபம் முழுக்கக் கேட்க வாசித்தார்.