கிண்டி என்றால் சரி

எத்திராஜ் நல்லா இருக்கிறார். காலையில் சாப்பிட்டுவிட்டார். மாத்திரை போட்டுவிட்டார். தண்ணீர் வருகிறது, கரண்ட் இருக்கிறது. 2007-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் டல்லஸில் இருந்த அவர் மகன் ஹேமநாத்தை யாராவது விசாரித்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பான். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. அப்பா தினமும் அவனுக்கு அனுப்பியது இவ்வளவுதான். அனுப்ப முடிந்ததும் இவ்வளவுதான். அப்பா பேச வேண்டியதையெல்லாம் மகனே உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தான்.

எத்திராஜுக்குப் பேச்சு ஒரு காலத்தில் குறைவாக இருந்ததே இல்லை. தாம்பரம் டிப்போவில் முப்பது வருஷம் கண்டக்டர். தாம்பரத்தில் பாரிமுனை வண்டி கிளம்பும்போது அவர் போடுகிற சத்தம் ரயில் நிலையத்தின் மேம்பாலத்தில் நடப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். "வா வா வா, பாரீஸ் பாரீஸ்! உள்ள எடம் கீது, படிக்கட்ல இன்னா வேல, மேல ஏறு!" உள்ளே ஊசி குத்த இடம் இருக்காது. ஆனாலும் அந்தக் குரலை நம்பி இன்னும் நாலு பேர் ஏறுவார்கள். வீட்டிலும் அதே குரல்தான். மனைவி கனகவல்லி, "இது வூடு, பஸ் இல்ல" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, 2002-இல் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்து தொண்டை. கட்டி என்றார்கள், பரிசோதனை என்றார்கள், கடைசியில் 2004-இல் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை. இனி மூச்சு அந்த வழியாகத்தான். மூச்சு வாய்க்கு வராதவன் விசில் எப்படி ஊதுவான்? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தார். கன்னம் உப்பியது, சத்தம் வரவில்லை. அதைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினார். விருப்ப ஓய்வுக்கு மனு எழுதிக் கொடுத்தது மறுநாள்.

தொண்டையில் ஒட்டி வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை மகன் வாங்கித் தந்தான். அதில் வந்த குரல் மாவு மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு பியூலாவின் இரண்டு வயதுப் பெண் அதைக் கேட்டு வீறிட்டு அழுதாள். எத்திராஜ் கருவியை டப்பாவில் போட்டு மூடினார். அதற்கப்புறம் பியூலாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டுத்தான்.

ஹேமநாத்துக்கு அமெரிக்க வேலை வந்தது அந்தச் சமயத்தில். இரண்டே வருஷம் என்றான். போகாதே என்று எந்த அப்பன் சொல்வான்? அதுவும் டிக்கெட் கிழித்துப் படிக்க வைத்த அப்பன்! ஆனால் போனில் எப்படிப் பேசுவது என்ற கேள்வி வந்தது. கம்ப்யூட்டரில் எழுதிப் பேசலாம் என்றான் மகன். கீபோர்டைப் பார்த்த எத்திராஜ் அதைத் தள்ளி வைத்தார். நூறு எழுத்து, அதுவும் வரிசையே இல்லாமல் கொட்டிக் கிடக்கிறது. கேமராவும் வேண்டாம் என்று நோட்டில் எழுதிவிட்டார். கழுத்து ஓட்டையை மகன் தினம் பார்க்க வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

அப்போதுதான் ஹேமநாத் தன் கேம் பேடை எடுத்து வந்தான். முதல் சம்பளத்தில் ரிச்சி தெருவில் வாங்கியது. உள்ளங்கையைக் கவிழ்த்து வைக்க ஏதுவான கறுப்பு மேடு, அதன் முன்னால் விரலுக்கு வாகாகப் பதினாலு விசை. இடது கைக்கு மட்டுமே ஆனது. அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க கம்ப்யூட்டரில் யாரையோ சுட்டுத் தள்ளுவான். "எப்பப் பாரு டொப்பு டொப்புன்னு, வூட்ல மனுசன் கீறானா இல்லியா?" என்று எத்திராஜ் கத்தியது அதே சாமானைப் பார்த்துத்தான்.

"அப்பா, உங்களுக்கு கீபோர்டே வேண்டாம். ஒவ்வொரு விசையிலயும் ஒரு வாக்கியம் வச்சுத் தரேன். ஒரு தட்டு தட்டினா முழுசா எனக்கு வந்துடும்" என்றான் மகன்.

அப்படியே செய்தான். ஆங்கில எழுத்தில் தமிழ். முதல் விசையில் 'நல்லா இருக்கேன்'. இரண்டாவதில் 'சாப்பிட்டேன்'. மூன்றாவதில் 'மாத்திரை போட்டேன்'. எத்திராஜ் அவற்றை மனப்பாடம் பண்ணிய விதம் அவருக்கே உரியது: தன் பஸ் ரூட்டின் நிறுத்த வரிசை. முதல் விசை தாம்பரம், இரண்டாவது சானடோரியம், மூன்றாவது குரோம்பேட்டை. பல்லாவரத்தில் 'பணம் வந்துச்சு'. விமான நிலையத்தில் 'கவலைப்படாதே'. எட்டாவது கிண்டி; நடு வரிசையில் நடு விசை; அதில் 'சரி'. முப்பது வருஷம் ரூபாய் நோட்டை மடித்து இடுக்கியிருந்த இடது கை விரல்கள் ஒரே நாளில் ரூட்டைப் பிடித்துக்கொண்டன. மகனுக்கு ஒரே சந்தோஷம்.

பதினாலாவதை மட்டும் காலியாக விட்டான். "இது இருக்கட்டும்பா. என்ன வேணும்னு தோணுதோ சொல்லுங்க, அங்கேருந்தே போட்டுத் தரேன்." கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் என்ன வேணும் என்று சொல்வதற்கும் ஒரு விசை வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குக் குழப்பம் வரக்கூடாதென்று கீபோர்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டுப் போனான்.

இரண்டரை வருஷம் இப்படி ஓடியது. தினம் காலை ஏழு மணிக்கு எத்திராஜ் குளித்து, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, சட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். அங்கே மகனுக்கு முந்தின நாள் ராத்திரி. அவன் கேட்பான், இவர் விசையைத் தட்டுவார். அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார். 'சாப்பிட்டீங்களா' என்றதும் சானடோரியத்தை அமுக்குவார். ஐந்து நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். 'அப்புறம் வரேன்பா' என்று மகன் எழுதிவிட்டுப் போவான். அதற்கப்புறம் மறுநாள் ஏழு மணிவரை அந்த வீட்டில் எத்திராஜுடன் பேச ஒரு ஈ காக்கை கிடையாது. டி.வி. ஓடும். குக்கர் விசில் அடிக்கும். அதைக் கேட்டால்கூட அவருக்குப் பொறாமையாக இருக்கும்.

இரண்டு வருஷம் இரண்டரையானபோது, ஆகஸ்டில் ஊருக்கே வந்துவிடுவேன் என்று மகன் எழுதினான். எத்திராஜ் மாடி அறைக்கு வெள்ளையடித்தார். ஜன்னலுக்குக் கொசு வலை அடித்தார். மகனுக்குப் பிடிக்குமென்று கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினார். மூச்சு இரைக்க இரைக்கத் தனியாக. அவருக்கு அறுபது வயசு என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் அந்தக் கட்டிலே சிரித்திருக்கும்.

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில்தான் அந்தச் செய்தி வந்தது. வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க எத்திராஜுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

'அப்பா, ஆபீஸ்ல இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. கிரீன் கார்டும் அவங்களே போட்டுத் தருவாங்களாம். ஆனா நீங்க வேணாம்னா வந்துடறேன். நிஜமா. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. திங்கட்கிழமை நான் பதில் குடுக்கணும்.'

எத்திராஜின் விரல் தாம்பரத்திலிருந்து கிளம்பி ஒவ்வொரு நிறுத்தமாகப் போனது. அழுத்தவில்லை, தடவிக்கொண்டே போனது. நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன், பணம் வந்துச்சு, கவலைப்படாதே. கிண்டியில் சரி. ரூட் முழுக்கத் தேடியும் 'வேண்டாம்' என்று ஒரு நிறுத்தம் இல்லை. 'வா' இல்லை. காலியான பதினாலாவதை அழுத்தினார். திரையில் ஒன்றும் வரவில்லை. 'அப்புறம் வரேன்பா' என்று மகன் போய்விட்டான்.

கடிதம் போடலாம் என்றால் அது போய்ச் சேரப் பத்துப் பதினைந்து நாள். நோட்டை எடுத்துக்கொண்டு பியூலா வீட்டுக்குப் போனார். அவளுக்கு டைப் அடிக்கத் தெரியும்.

"வாங்கண்ணா, காபி குடிக்கிறீங்களா? ஹேமு எப்ப வரான்? ஆகஸ்ட்டா?" என்றாள் பியூலா.

அவர் எழுதி வைத்திருந்த வரி மடித்த பக்கத்துக்குள் இருந்தது. 'எனக்கு இங்கே தனியாக முடியவில்லை என்று அவனுக்கு எழுதிவிடு.' நீட்டினால் முடிந்தது. இந்த மனுஷன் நீட்டவில்லை. பெற்ற பிள்ளையை வீட்டுக்கு வா என்று கூப்பிடப் பக்கத்து வீட்டுக்காரியையா தூது விடுவது என்று ஒரு வீம்பு. வாய் போனாலும் கண்டக்டர் வீம்பு போகவில்லை. காபியைக் குடித்துவிட்டு, அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு அவரை உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவர் என் பேச்சையா கேட்கப் போகிறார்?

சாயங்காலம் தாம்பரம் பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தார். இளவட்டக் கண்டக்டர் ஒருவன் படியில் தொங்கிக்கொண்டு, "வா வா, பாரீஸ், வா வா!" என்றான். தேய்ந்த குரல்; தேறாது. எத்திராஜ் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் தெரியாத எத்தனை லட்சம் பேரை நாளெல்லாம் இந்த ஒரு சொல்லால் கூப்பிட்டிருப்போம் என்று நினைத்தார். ஒருத்தனைக் கூப்பிட வேண்டிய சமயத்தில் அது கையில் இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து கீபோர்டை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டார். கேம் பேடின் ஒயரைப் பிடுங்கி, அதே துளையில் கீபோர்டைச் சொருகினார். எழுத்துக்கு அவர் பட்டபாடு பெரிதில்லை. மகன் தினமும் எழுதுகிற 'வரேன்' திரையில் இருந்ததே. 'வா' என்று சொல்ல அதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்து போதும். வி எங்கே, ஏ எங்கே என்று விரலால் தடவித் தேடி, இரண்டிலும் பால்பாயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். வாக்கியம் முடிந்ததும் மகன் தட்டுகிற பெரிய விசையும் அவருக்குத் தெரியும்.

ஏழு மணி. 'அப்பா, யோசிச்சீங்களா?'

எத்திராஜ் வலது கை ஆள்காட்டி விரலை வி மேல் வைத்து அழுத்தினார். கேம் பேடின் விசையை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே வாக்கியம்தான் வரும். கீபோர்டு அப்படியில்லை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? விரலை அவர் எடுப்பதற்குள் வி வரிசையாக ஓடியது. அடுத்து ஏ. அது இன்னும் நீளமாக, திரையின் அந்தக் கோடி வரைக்கும் போனது. எத்திராஜுக்கு அது தப்பாகவே படவில்லை. கூப்பிட்டால் அப்படித்தானே நீளும்? தன் குரலே திரையில் ஏறிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தானே சொன்ன ஒரு சொல். பெரிய விசையைத் தட்டினார். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

பதில் உடனே வந்தது.

'அப்பா, ஏதோ விசை மாட்டிக்கிச்சுபோல. குப்பை குப்பையா வருது. பேடைக் கழட்டி, துணியால தொடச்சிட்டு, மறுபடி சொருகிப் பாருங்க.'

எத்திராஜ் அதை இரண்டு தடவை படித்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கிழித்த காகிதம் அங்கேதான் இருந்தது. பக்கத்து வீட்டில் பியூலா பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தது சுவர் வழியாகக் கேட்டது. எழுந்து போனால் இருபது அடி. அவர் எழவில்லை. கீபோர்டின் ஒயரைக் கழட்டினார். கழுத்துத் துணியின் நுனியால் கேம் பேடை ஒவ்வொரு விசையாகத் துடைத்தார். சொன்னபடியே மறுபடி சொருகினார். பார்ப்போம் என்று சுண்டு விரலால் தாம்பரத்தைத் தட்டினார்.

'நல்லா இருக்கேன்.'

'ஆ, இப்ப சரியா வருதுப்பா!' என்று எழுதினான் ஹேமநாத். 'அப்போ திங்கட்கிழமை ஆபீஸ்ல ஓகே சொல்லிடட்டுமா?'

எத்திராஜ் நடு வரிசையின் நடு விசையை, கிண்டியை, அழுத்தினார்.